மூடியைத் திறந்த முதலாளி

20 அக்டோபர் 1983, வியாழன்

இன்று நான் தண்ணீர் வாளியைத் தூக்கினேன். தவறு. எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. பதற்றம் என்று எழுதலாம். ஆனால் "தீயா? அதான் வாளி வச்சிருக்கேன்ல" என்று முதலாளி சொல்லிச் சொல்லிப் பழக்கிய கை அது. இதுவும் சாக்குதானோ, தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடியும் முன்பே பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் குசினியில் மூன்று அடுப்பும் எரிந்தன. வீரம்மா அக்கா, ரமணி, நான் மூவரும் மாடியில் படுக்கிறோம். கீழே குமரப்பன் முதலாளிக்கு முறுக்கு சுடுகிறோம். தீபாவளி ஆர்டர். பிழிந்து பிழிந்து உள்ளங்கை கன்றிப்போயிற்று. பின்கதவுக்குப் பூட்டு, சந்து வழியாக முறுக்கைக் கடத்திவிடுவோமாம். மூடினால் முறுக்கு நமுத்துவிடும் என்று குவாலிச் சட்டிகளின் மூடிகளையும் அலமாரி மேல் ஏற்றிவிட்டார், சமையல் மேதை.

வாசலில் லோரி வந்து நின்றது. டின் தூக்க முதலாளி வீரம்மா அக்காவைக் கூப்பிட்டார்.

"அடுப்பு எரியுதுங்க."

"எரியட்டும். ஓடியா போயிடும்?"

அடுப்பு ஓடவில்லை. எண்ணெய் புகைந்து, குப்பென்று பற்றியது.

நான் வாளியோடு பாய்ந்தேன். ரமணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "ஊத்துனே, எல்லார் மூஞ்சியும் வெந்துடும்லா!" சுவரோரம் இருந்த கேஸைத் திருகி மூடினாள். ஓடிவந்த வீரம்மா அக்கா, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த மூடியை எடுத்து, பக்கவாட்டில் நகர்த்திக் குவாலியை மூடினார். தீ அடங்கியது.

"யாரும் தொறக்காதீங்க. ஆறட்டும்."

முதலாளி வந்தார். யாருக்காவது சுட்டதா என்று கேட்கவில்லை.

"எண்ணெய் எவ்ளோ போச்சு?"

"தொறக்காதீங்க மொதலாளி, இன்னும் சூடு."

"என் குவாலி, என் எண்ணெய். நீ யாரு சொல்றதுக்கு?"

திறந்தார். தீ மறுபடி எழுந்து அவர் புருவத்தை நக்கியது. எங்களை மிரட்டும் அந்தத் தொண்டையிலிருந்து "அம்மா" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மூடியைக் கீழே போட்டுவிட்டு ஓடியவர் பின்கதவில் முட்டி நின்றார். அவரே போட்ட பூட்டு. சாவி முன்கூடத்து மேசையில்.

வீரம்மா அக்கா கைத்துணியால் மூடியை எடுத்து மீண்டும் மூடினார்.

புருவம் போன முகத்தை ஈரத்துண்டால் ஒற்றிக்கொண்டே முதலாளி சொன்னார்: "வீரம்மா, துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு. நாளைக்கு வேற ஆளு வரும்."

"அவங்க இல்லாட்டி மூஞ்சியே மிஞ்சியிருக்காது பாஸ்," என்றாள் ரமணி.

"வாயப் பாரு! ஆளுக்கா பஞ்சம்? கிள்ளான்ல கூப்பிட்டா ஓடி வருவாங்க."

"தீபாவளி நேரத்துலயா? கூப்பிடுங்களேன். வர்றவங்களுக்கு மொதல்ல அந்தக் கதவக் காட்டுங்க. நீங்கதான் நல்லா முட்டிப் பாத்திருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை என்று எழுதப் பார்த்தேன். சிரித்தோம்.

மாலையில் அக்கா பையைக் கட்டினார். ரமணி அதை அவிழ்த்துத் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் திரும்பத் தொங்கவிட்டாள். வேலை போனால், இந்தக் கூலியில் பணம் கட்டிப் படிக்கும் என் மாலை வகுப்பும் போகும். பயம்தான். ஆனாலும் தொய்ந்த கொடியின் மறுமுனையை இழுத்துக் கட்டினேன்.

நாளைக்கு: விடிகாலையில் மூவரும் குசினிக்கு இறங்க வேண்டும். மூடிகளை இறக்கி ஒவ்வோர் அடுப்பின் பக்கத்திலும் வைப்பது என் வேலை. பின்கதவுச் சாவி குசினி ஆணியில் தொங்கி, வீரம்மா அக்கா தன் அடுப்பின் முன் நிற்கும்வரை, நெருப்புக்குச்சியை யாரும் தொடுவதில்லை.