சாரி ஒண்ணு, சாரி ரெண்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை, ஒட்டுக் கேட்டேன். என் வீட்டு வாசலை ஒட்டித்தான் மாடிப்படி. இதே மாடியில் எதிர் வீட்டில் இருக்கும் நாலு வயதுப் பெண் தினமும் காலை எட்டரைக்கு அம்மாவோடு மழலையர் பள்ளிக்கு இறங்குவாள். யார் சட்டையில் பொத்தானைக் கண்டாலும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் கட்டடம் முழுக்க அவளுக்குப் பொத்தான் என்றே பெயர். இறங்கும்போது படிகளை எண்ணுவாள்.

"சாரி ஒண்ணு. சாரி ரெண்டு. சாரி மூணு."

மொத்தம் பதினாலு படி. "சாரி பத்து" வந்ததும் மறுபடி "சாரி ஒண்ணு" என்று ஆரம்பித்து, "சாரி நாலு"வில் தரையைத் தொடுவாள். முதல் நாள் சிரித்தேன். இரண்டாம் நாள் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். இந்தப் பிள்ளை யாரிடம் மன்னிப்புக் கேட்கிறது, படியிடமா? அதுவும் ஏன் பத்தோடு நின்றுவிடுகிறது?

மூன்றாம் நாள் கதவைத் திறந்து அம்மாவிடமே கேட்டேன்.

"அவங்க மிஸ் சொல்லிக் கொடுத்ததுங்க," என்றாள் பெருமையாக. "பத்து வரைக்கும் தப்பில்லாம சொல்றா. அதுவும் எவ்வளவு மரியாதையா சொல்றா பாருங்க!"

"குதிக்கும்போது அப்படித்தான் எண்ணணும்," என்றாள் பொத்தான், என் சட்டையின் மூன்றாம் பொத்தானைத் திருகிக்கொண்டே.

"எதுக்குக் குதிக்கணும்?"

"தண்ணி கொட்டினா. தூங்கற நேரத்துல பேசினா. வரிசையில தள்ளினா."

அம்மா அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டாள். அவள் காதில் அது விழவில்லை. என் காதில் விழுந்தது.

இவ்வளவுதான் நிஜம். அடுத்த நாலு பகுதிகளும் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்:

[மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவள் முறைத்தாள். இருபத்திரண்டு பிஞ்சு உள்ளங்களும் நடுநடுங்கி—]

பிஞ்சு உள்ளங்கள் என்று எழுதியதுமே எனக்குக் கூச்சமாகிவிட்டது. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

[மழலையர் பள்ளிகளில் உடற்பயிற்சியைத் தண்டனையாகத் தரும் போக்கு குறித்து நாம் அனைவரும் ஆழ்ந்து—]

இது கதையா, கூட்டத் தீர்மானமா?

மூன்றாவதை ஒரு பக்கம் வரை இழுத்து என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "பத்து தடவை குதிச்சா என்ன குறைஞ்சு போச்சு? நாங்கள்லாம் குதிக்கலையா, மைதானத்தைச் சுத்தி ஓடலையா? உடம்புக்கு நல்லதுதானே!" என்றார். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். டாக்டர் அவரைத் தினமும் நடக்கச் சொன்ன நாளிலிருந்து, காலையில் செருப்பைத் தேடுவதிலேயே அரை மணி நேரம் போக்குகிறார். செருப்பு கண் முன்னாலேயே கிடக்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு, "என்னமோ தெரியல, நடக்கக் கிளம்பினாலே ஏதோ தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு," என்றார். அவரையும் கதையில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்த்துவிட்டேன், பாருங்கள்.

3

இனி மிஸ்.

முதல் வரைவில் அவளை "அவள்" என்று எழுதினேன். கோபத்தில் எழுதியது. பிறகு, ஒரு பெண் ஏன் நாலு வயதுப் பிள்ளைகளைக் குதிக்க வைக்கிறாள் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, அவளுக்கு ஒரு பள்ளிப் பருவத்தைக் கொடுத்துப் பார்த்தேன். மரஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் முட்டியில் அடிக்கும் ஒரு வாத்தியார். குளிர்நாளில் இன்றும் வலிக்கிற ஒரு நடுவிரல். வேலைக்குச் சேர்ந்த அன்று, 'எந்தப் பிள்ளை மேலும் கை வைக்கமாட்டேன்' என்று தனக்குத்தானே செய்துகொண்ட சத்தியம். இதையெல்லாம் எழுதி முடித்தபோது என் பேனாவில் "அவர்" வந்திருந்தது. நானாக மாற்றவில்லை.

(தமிழில் எழுதுவதில் இது ஒரு தொல்லை. ஒருவரைப் புரிந்துகொண்டோமா இல்லையா என்பதை விகுதியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.)

பதினோரு வருடமாக அவர் சத்தியத்தைக் காப்பாற்றினார். இருபத்திரண்டு பிள்ளைகள், ஒரே அறை, சுவரோரம் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், மூடி திறந்த பசைக் குப்பி, யாரோ ஒருவரின் மூக்கு எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும். அடிக்காமல், கத்தாமல் சமாளிக்க அவர் கண்டுபிடித்ததுதான் பத்துக் குதி. ஒவ்வொரு குதிக்கும் ஒரு சாரி, ஒரு எண். மன்னிப்பும் ஆச்சு, கணக்கும் ஆச்சு, உடற்பயிற்சியும் ஆச்சு என்று மற்ற மிஸ்களிடம் சொல்லிப் பூரித்துப்போவார். அதைத் தண்டனை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.*

* பிள்ளைகளும் சொன்னதில்லை. அந்தச் சொல் அவர்களுக்கு இன்னும் தெரியாது.

4

ஒருநாள் மாலை, பொத்தானின் அம்மா மிஸ்ஸிடம் நன்றி சொல்ல வந்தாள்.

"வீட்ல எதை எண்ணினாலும் சாரி போட்டுத்தான் எண்ணுறா மிஸ். அவங்கப்பா சட்டைப் பொத்தான், துணிக் கிளிப்பு, எல்லாம். மிஸ்டர் ஒண்ணு, மிஸ்டர் ரெண்டுங்கற மாதிரி! எங்க குடும்பத்துல யாருக்கும் இவ்வளவு மரியாதை கிடையாது."

மிஸ்ஸும் சிரித்தார். அம்மா போனதும் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுநாள் பொத்தானை அருகே கூப்பிட்டு, மேஜையில் ஐந்து மரக்கட்டைகளை வைத்தார்.

"எண்ணு கண்ணு."

"சாரி ஒண்ணு, சாரி ரெண்டு..."

"சாரி வேண்டாம். வெறுமனே எண்ணு."

பொத்தான் கட்டையைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். வாயைத் திறந்து மூடினாள். பிறகு மிக மெதுவாக, ரகசியம் போல, "அப்ப மிஸ் கோச்சுக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

மிஸ்ஸுக்கு நடுவிரல் வலித்தது. அன்று குளிர்நாள் இல்லை.

5

இங்கிருந்து எங்கே போவது? மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் மிஸ் வேலையை விட்டுவிடுகிறார். இது வெறும் சோம்பேறித்தனம். அவர் போனால் அடுத்து வருகிறவர் ஸ்கேலோடு வரமாட்டார் என்று என்ன நிச்சயம்?

இரண்டாவதில் மிஸ் வகுப்பின் நடுவே நின்று, "சாரி ஒண்ணு, சாரி ரெண்டு" என்று தானே பத்து முறை குதிக்கிறார். எழுதும்போது எனக்கு அப்படியொரு திருப்தி! ஏழாவது குதியில் மூச்சு வாங்க வைத்தேன், எட்டில் முழங்காலைப் பிடித்துக்கொள்ள வைத்தேன். ஒன்பதுக்கு வந்தபோதுதான் உறைத்தது. ஒருத்தர் தப்புப் பண்ணினார், நான் குதிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். பேனாவை மூடிவிட்டேன். அவர் இன்னும் ஒன்பதிலேயே நிற்கிறார், பாவம்.

மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை. ஒரு பையன் தண்ணீரைக் கொட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே குதிக்க எழுகிறான். மிஸ் அவன் கையில் ஒரு துணியைக் கொடுக்கிறார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. துணியைப் பிடித்துக்கொண்டே பத்து முறை குதித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறான். தண்ணீர் அப்படியே கிடக்கிறது. மிஸ் மண்டியிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "வா, சேர்ந்து துடைப்போம்," என்கிறார். [அன்றிலிருந்து அந்த வகுப்பில்—]

அன்றிலிருந்து என்ன என்று எனக்குத் தெரியாது. இது நான் செய்த மிஸ். நிஜமான மிஸ்ஸை நான் பார்த்ததே இல்லை.

6

இது மறுபடி நிஜம். இன்று காலை.

நாலு நாளாக விஷயம் தெரிந்தும், அந்த அம்மாவிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எட்டரைக்குக் கதவைத் திறந்து, மகளை முன்னே விட்டு இறங்கிக்கொண்டிருந்தவளை நிறுத்திச் சொன்னேன். குதியை, சாரியை, பத்தை.

"நான் மரியாதைன்னுல்ல நெனச்சேன்," என்றாள். முகம் சின்னதாகிவிட்டது.

"மிஸ்கிட்ட என்னன்னுங்க கேக்கறது? அடிக்கவே மாட்டாங்க, ரொம்ப நல்ல மிஸ்ஸுங்க."

துணி, தண்ணீர் என்று ஏதோ உளறினேன்.

"அம்மா!"

கீழே, பத்தாவது படியில் பொத்தான் நின்றுகொண்டிருந்தாள். வழக்கம் போல மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கவில்லை. நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ. ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில்.

"பத்து முடிஞ்சு போச்சும்மா. ஆனா இன்னும் படி இருக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உங்களைப் பார்க்கிறேன். அடுத்த எண் நம் மூவருக்குமே தெரியும். இதுவரை அந்த எண்ணோடு சேர்த்து யாரும் அவளை மன்னிப்புக் கேட்க வைத்ததில்லை. நாலு படிதான். அந்த எண்ணை நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக. அவள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.