பள்ளத்துப் பெட்டிக்கு ஒரு ஃபங்ஷன்

1.

இந்தக் கதை என் காது செய்த கோளாறில் பிறந்தது. கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி தாரணி. அவள் போனில், "அக்கா, சாயங்காலத்துக்குள்ள ஃபங்ஷன் அனுப்பிர்றேன்" என்று சொன்னது வேலி தாண்டிக் கேட்டது. ஏதோ வளைகாப்பு வீடியோ போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுமுனையில் இருந்த தோட்டக்காரி பரமேஸ்வரிக்கும் முதல் தடவை அப்படித்தான் தோன்றியதாம். "வீட்டுல என்ன விசேசம் தாயி? ஒரு வார்த்தை சொல்லலயே?" என்று குறைப்பட்டிருக்கிறாள்.

விசேஷம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர்காரர்கள் ஒரு வேலையைச் செய்துமுடிக்கும் கட்டளைத் தொகுப்புக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது தெரிந்த பிறகுதான் எனக்குக் கதை எழுதும் ஆசை வந்தது.

2.

கொடைக்கானலை மூடுபனி மெல்ல

(வேண்டாம். இப்படித் தொடங்காத கொடைக்கானல் கதையை எங்கே பார்த்தோம்?)

தாரணிக்குத் தன் வேலையின் மீது நெடுநாளாகவே ஒரு கசப்பு

(பொய். அவளுக்கு வேலை பிடிக்கும். எழுதிய கட்டளையில் பிழை வந்தால் முகம் மலரும். மதியம் நன்றாகச் சாப்பிடுவாள். சந்தோஷமான ஒருத்தியை வைத்துக் கதை எழுதுவது சிரமம். இவள் தாங்குவாளா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது.)

சரி, நேரே தோட்டத்துக்குப் போய்விடுவோம்.

3.

மேல்மலைக் கிராமம் ஒன்றில், சரிவின் பள்ளத்தில் பரமேஸ்வரியின் உருளைக்கிழங்குத் தோட்டம். மேட்டில் அவள் அண்ணன் நல்லசாமியின் தோட்டம். நடுவே இருவருக்கும் பொதுவாக ஒரு குட்டை. மார்கழி, தையில் விடியலுக்கு முன்னால் உறைபனி விழுந்தால் இலை கருகிவிடும். அந்த நேரம் பார்த்துத் தண்ணீரைத் தெளித்தால் பயிர் பிழைக்கும். அதற்காக இரண்டு தோட்டத்திலும் கம்பத்தில் ஒரு பெட்டி. குளிரை அளந்து மோட்டாரைப் போட்டுவிடும்.

முதலில் அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் கொடைக்கானலில் இருந்த பெரிய கம்ப்யூட்டரைக் கேட்டுக்கொண்டிருந்தன. சிக்னல் போனால் பெட்டி திருதிருவென்று விழிக்கும். அதனால் தாரணியின் சிறு நிறுவனம் முடிவெடுக்கும் வேலையையே பெட்டிக்கு அனுப்பிவிடத் தீர்மானித்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு விதி; அவள் ஃபங்ஷன் என்றது இதைத்தான். அதுவும் நாளுக்கு நாள் மாறும். அன்றன்றைக்கு விதியைக் கோத்து அனுப்ப வேண்டும்.

(இரண்டு பெட்டியும் ஒரே தயாரிப்பு அல்ல, ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. "அதனால இட்லியா அவிச்சு அனுப்புறதில்ல சார், மாவா அனுப்பிருவோம். அது அது தன் தட்டுல ஊத்தி வேகவெச்சுக்கும்" என்றாள் தாரணி. இதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.)

4.

கோளாறு ஒரு நண்பகலில் நடந்தது. தாரணி பள்ளத்துப் பெட்டிக்கு அனுப்பிய விதியில் 'குளிர்ந்தால் மோட்டார் ஓடட்டும்' என்று மட்டும்தான் இருந்தது. பகல் நேரத்தில் வேண்டாம் என்பதை எழுத விட்டுவிட்டாள். அன்று மூடுபனி இறங்கி நட்டநடுப் பகலில் குளிர் கடித்தது. பெட்டி மோட்டாரைப் போட்டது. பரமேஸ்வரி சந்தையிலிருந்து திரும்புவதற்குள் குட்டையில் சேறுதான் மிச்சம்.

நல்லசாமியின் மோட்டார் காற்றை இழுத்தது. தங்கை வேண்டுமென்றே செய்தாள் என்று அவர் ஊர் கேட்கச் சத்தம் போட்டார். பேச்சை நிறுத்தினார். போகிற போக்கில் தன் பெட்டியின் வயரையும் பிடுங்கிப் போட்டார். அதோடு பள்ளத்துப் பெட்டியும் ஊமையானது. அதற்கு வரும் சிக்னல் மேட்டுப் பெட்டி வழியாகத்தான் இறங்க வேண்டும்.

(இந்த இடத்தில் நான் தாரணியை நிறுத்தினேன். "கதைக்கு ரொம்ப வசதியா இருக்கே, நீயா சேர்த்துக்கிட்டியா?" "பள்ளத்துல டவர் தெரியாது சார். அது கதை இல்ல, ஜியாகிரபி.")

குட்டை மெல்ல ஊறி நிரம்பியது. அண்ணனின் மனம் நிரம்பவில்லை. அப்போதுதான், மறுநாள் விடியலில் உறைபனி என்று அறிவிப்பு வந்தது.

5.

தாரணி நல்லசாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கொடைக்கானல்லருந்து தாரணி பேசுறேன். உங்க பெட்டி ஆஃப்ல இருக்கு."

"இருக்கட்டும். புடுங்குனதே நான்தான்."

"அன்னிக்கு அக்கா மேல தப்பு இல்லண்ணே. அவங்க வீட்லயே இல்ல. நான் அனுப்புன விதிதான் தப்பு."

அவர் இருமினார். "இத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதான?"

"எனக்கே இன்னிக்குப் பாத்தப்பதாண்ணே புரிஞ்சுச்சு. பனி ரெண்டு தோட்டத்துலயும் விழும். வயர மட்டும் சொருகுங்க."

"சொருகுறேன். வெரசா முடி. இத்தனை நாளாச் சும்மா கெடந்ததுல பேட்டரியில உசுரே இல்ல."

6.

புதிய விதி இது: இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடக் கூடாது. மேடு கொஞ்ச நேரம், பள்ளம் கொஞ்ச நேரம், முறை வைத்து. அப்படி ஓடினால்தான் குட்டைத் தண்ணீர் சூரியன் வரும்வரை தாங்கும்.

அனுப்பினாள். விதி அசையவில்லை. சின்ன விதிதானே, ஏன் இவ்வளவு கனக்கிறது என்று பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஓர் இடத்தில் வானிலைப் பட்டியலைத் தொட்டிருந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பட்டியல் முழுவதும் கிளம்பியிருந்தது. பட்டியலின் கையைப் பிடித்து மலை வரைபடமும். ஒருவரை அழைத்தால் சாதிசனத்தோடு வேன் ஏறி வருவார்களே, அப்படி.

தாரணிக்கு முகம் மலர்ந்தது. பட்டியலை இறக்கிவிட்டு, அதிலிருந்து வேண்டிய ஓர் எண்ணை மட்டும் விதிக்குள் வைத்தாள். மீதியைத் துண்டு துண்டாக அனுப்பும் முன், 'இந்தத் துண்டு உன்னிடம் இருக்கிறதா?' என்று மேட்டுப் பெட்டியிடம் தன் கம்ப்யூட்டரைக் கேட்க வைத்தாள். பழைய துண்டுகள் பெரும்பாலும் அதனிடமே இருந்தன. இல்லாததை மட்டும் அனுப்பினாள். அது மூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்தது. மேட்டுப் பெட்டி தனக்கு ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளத்துக்கு ஒன்றைத் தள்ளிவிட்டது.

ஆனால் பேட்டரி விடியும்வரை நிற்காது. மேட்டுப் பெட்டி செத்தால் முறை குலையும். மேட்டு மோட்டார் நின்றுவிடும், தன் முறை எப்போது என்று தெரியாமல் பள்ளத்து மோட்டாரும் நிற்கும். மறுபடி போன் போட்டாள்.

"அண்ணே, பேட்டரிய வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏத்தித் திரும்ப மாட்டணும். உங்களுக்கு மட்டும் இல்ல, அக்காவுக்கும் சேத்துத்தான்."

"பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் 'பாப்போம்' என்ற சொல்லை எந்தப் பெட்டியிலும் வேகவைத்துப் பார்க்க முடியாது.

7.

முதல் முடிவு: பேட்டரி அணைந்தது; காலையில் இரண்டு தோட்டமும் கறுத்துக் கிடந்

(அடித்துவிட்டேன். பரமேஸ்வரி கொடுத்தனுப்பிய கிழங்கு என் சமையலறையில் இருக்கும்போது இதை எழுதக் கை வரவில்லை.)

நடந்தது இது. தாரணி விடிந்ததும் எழுந்து லேப்டாப்பைத் திறந்தாள். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று சூரியன் வரும்வரை முறை தவறாமல் மோட்டார்கள் ஓடியிருந்தன. மேட்டுப் பெட்டியின் பேட்டரியில் சார்ஜ் ஏறியிருந்தது. அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். அப்போதே பரமேஸ்வரியின் போன்.

"பயிரு நிக்குது தாயி! வேலியோரம் மட்டும் லேசாக் கருகிருச்சு, போயிட்டுப் போகுது. அந்த ஆளு குட்டைக்கிட்ட வந்து நிக்கிறாரு."

"பேசுங்கக்கா."

"நான் ஏன் பேசணும்? அவரு பேசட்டும்." பிறகு குரல் தாழ்ந்தது. "இங்கதான் வர்றாரு. கையில ஃபிளாஸ்க் வேற வெச்சிருக்காரு. இரு, வைக்கிறேன்."

வைத்துவிட்டாள்.

8.

அண்ணன் என்ன சொன்னார்? 'கோவிச்சுக்காத' என்றா? 'டீ ஆறிரும், குடி' என்றா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நான்தான் பேசினேன், நல்லசாமி பேசவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுத் தாரணியிடம் நம்பர் வாங்கிப் பரமேஸ்வரியையே கேட்டேன்.

"கதைக்கா கேக்குறீங்க?" என்று சிரித்தாள். "அது எங்க அண்ணன் தங்கச்சி சோலி சார். அத மட்டும் விட்ருங்க."

விட்டுவிட்டேன். உங்களுக்கும் பேசாமல் இருக்கும் அண்ணனோ தங்கையோ இருந்தால், அந்த வாக்கியம் என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். இடம் இங்கே இருக்கிறது:

நல்லசாமி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே தங்கையிடம்,