வெட்டிய கையோடு

...ஒட்டவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்க்கலாமா, கட்டைவிரல் வெளுக்கும் வரை அழுத்தியாயிற்று, கையை எடுத்ததும் இரண்டு ரப்பர் துண்டும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விழுகின்றன, தப்பு ரப்பர்மேல் இல்லை, வெள்ளிக்கிழமை வெட்டிய கையோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும், ஏதோ கூட்டம் என்று கூப்பிட்டார்கள், இவன் போட்டது போட்டபடி போய்விட்டான். தானாக ஆறும் ரப்பர்தான், அறுத்த முனைகளைச் சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும், சூடு வேண்டாம், பசை வேண்டாம், ஆனால் அறுந்த முனைகள் காத்திருக்காது, எதிர்ப்பக்கம் வரவில்லையென்றால் தன் பக்கத்தில் இருப்பதையே பிடித்துக்கொள்ளும், அப்புறம் யார் வந்தாலும் தேவையில்லை... ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாய் வலிக்க இதைச் சொல்கிறானே, வீட்டில் மட்டும் எங்கே போயிற்று இந்த அறிவு?

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால் அழுவாள் என்று பயம், அம்மா இறந்துபோன அன்று அத்தனை பேர் முன்னாலும் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், "நீ எனக்கு அண்ணனே இல்ல, போ" என்றாள், அந்தக் கையை அப்போதே பிடித்துக்கொண்டிருக்கலாம், மரம் மாதிரி நின்றான்... மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள், "ஒரு எட்டு போய்ப் பேசிட்டு வாங்களேன், உங்க தங்கச்சிதானே", இவன்தான் பெரிய மேதாவியாட்டம், "விடு, தானா ஆறிடும்", தொழிலில் அவனுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த வாக்கியம், வருஷங்கள் போனதுதான் மிச்சம்.

கையுறையை உரித்துப் போட்டுவிட்டுத் தங்கையின் எண்ணை அழுத்தினான், எடுக்கமாட்டாள், எடுத்தால் என்ன சொல்வது, எடுத்துவிட்டாள், "சொல்லுண்ணா" என்றாள், குரலில் சூடே இல்லை, அப்பாடா என்றிருந்தது. "அம்மா விஷயத்துல உன்கிட்ட கேட்டிருக்கணும்மா, தப்புதான்..." "ஐயோ, அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன். கோபம்லாம் ஒண்ணுமில்லண்ணா. அண்ணி நல்லாருக்காங்களா?" நல்லா இருக்கா. "பிள்ளைங்க?" நல்லா இருக்காங்க... இதற்குத்தானே இத்தனை நாள் ஏங்கினான், கோபமில்லை என்று சொல்லிவிட்டாளே, பிறகு ஏன் துக்கம் விசாரிக்க வந்த அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது, அவன் வராமலேயே அவள் ஆறிவிட்டாளா, இன்னொரு தடவை திட்டேன் என்று வாய்விட்டு எப்படிக் கேட்பது... "வேற என்னண்ணா?" என்றாள், அவன் பேசட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தாள்.