கடலுக்குள் நடந்த திரை

ஸஃபர் மாதத்தின் கடைசிப் புதன், ஒடுக்கத்துப் புதன். அன்றைக்குப் பினாங்கு முஸ்லிம்களில் பாதிப் பேர் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் இருப்பார்கள். மாவிலையில் ஓதி எழுதிய வசனங்களைத் தண்ணீரில் கரைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு கடலில் முங்கினால் வருடத்து முசீபத்து, பீடையெல்லாம் நீங்கும் என்பது நம்பிக்கை. மலாய்ப் பெண்கள் சாரோங்கை மார்பில் முடிந்துகொண்டு எல்லார் எதிரிலும் இறங்குவார்கள். சூலியா தெரு ஷேக் அலாவுதீன் வீட்டுப் பெண்கள் அப்படி இறங்கியதில்லை. நான்கு மூங்கில் நட்டு, வெள்ளைத் துணி சுற்றி, அதற்குள்தான் குளிப்பார்கள்.

இந்த வருடம் அவர் மகள் ருக்கையாவைத் தங்கள் மகனுக்குப் பார்த்திருந்த ஜபருல்லா குடும்பமும் கூட வந்திருந்தது. அவர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய் சித்தி ஹாஜரா பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு குறையும் படக்கூடாது.

காலையிலேயே இடுப்பளவு தண்ணீரில் திரை கட்டச் சொல்லிவிட்டார் அலாவுதீன். கூட்டம் கலையட்டும் என்று நடுப்பகல் லுஹர் தொழுகை வரை பெண்களைக் குதிரை வண்டியை விட்டு இறக்கவில்லை. பிற பெண்கள் குளிக்கும் பக்கம் பார்ப்பது மரியாதையல்ல என்று, அதுவரை தென்னை மரங்களைப் பார்த்தபடி கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலையவில்லை. கடைசியில் பெண்கள் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு திரைக்குள் போனார்கள். உடனே உள்ளேயிருந்து மனைவி ஆசியா பீவியின் குரல் வந்தது.

“என்னங்க, தண்ணி எங்கே?”

அலாவுதீன் திரும்பிப் பார்த்தார். கடல் உள்வாங்கியிருந்தது. திரை ஈரச் சேற்றில் நின்றது. தண்ணீர் அதற்கப்பால் வெகுதூரத்தில் பளபளத்தது. சாரோங்கோடு குளித்தவர்களை யாரும் கவனிக்கவில்லை. கரை முழுவதும் அந்த வெள்ளைத் துணியைத்தான் பார்த்துச் சிரித்தது.

“சும்மா நடந்து போகச் சொல்லுங்க அண்ணே, எல்லாரும் போறாங்கதானே,” என்றார் ஜபருல்லா.

“என் வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் இல்லை.”

“அப்போ குளிக்காமத் திரும்புவோமா? அதுக்கும் சிரிப்பாங்க, லா!”

அலாவுதீன் எழுந்தார். கோட்டோடும் சப்பாத்தோடும் சேற்றில் இறங்கினார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மூங்கிலைப் பிடுங்கினார். வண்டிக்காரர்கள் உதவிக்கு ஓடி வந்தார்கள். கையைக் காட்டி நிறுத்தினார். ஜபருல்லா ஒரு கணம் யோசித்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இரண்டாவதைப் பிடுங்கினார்.

“மத்த ரெண்டையும் நாங்க பிடிச்சுக்கிறோம்,” என்றது உள்ளேயிருந்து சித்தி ஹாஜராவின் குரல்.

திரை நடந்தது. உள்ளே யாரோ வழுக்கினார்கள். ருக்கையா களுக்கென்று சிரித்தாள். “சத்தம்!” என்றார் அலாவுதீன். சிரிப்பு கூடியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அவர் கம்பை ஊன்றிப் பிடித்தபடி அடிவானத்தைப் பார்த்து விறைப்பாக நின்றார். கோட்டு தண்ணீரில் மிதந்தது.

உள்ளே முங்கி எழும் சத்தம் கேட்டது. பிறகு சித்தி ஹாஜரா, கரைக்கே கேட்கும்படி, துணிக்கு மேலாகக் குரல் கொடுத்தாள்.

“சம்மந்தி! வர்ற மௌலூது மாசம் கழிஞ்சதும் நிக்காஹ் வச்சுக்குவோமா?”

பெண் குரல் பொது இடத்தில் இப்படி உயர்ந்து அலாவுதீன் கேட்டதில்லை.

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

“வீட்டுல என்ன பேச்சு? கடலுக்குள்ள மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற மனுஷன் வீட்டுப் பொண்ணுதான் எனக்கு வேணும். சரியா, இல்லையா?”

ஜபருல்லா அடுத்த கம்பைப் பிடித்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கரையில் பேச்சு நின்றிருந்தது.

“சரி,” என்றார் அலாவுதீன், அவரும் கரைக்குக் கேட்கும்படி.