பக்கத்துக் காலேஜ்

உத்திரமேரூர் பஜார் தெருவில் குடம், பாய், கயிறு விற்கும் கடை நசுருதீனுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. அன்று காலை அவர் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது, இளைய மகள் ஷப்ரீன் ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையில் போனை வைத்துக் கல்லூரிப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோசை தீயுது பாரு" என்றார் நசுருதீன்.

தீயவில்லை. அவருக்கு அந்தப் போனைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

வேளாண் படிப்புக்கு எந்தக் கல்லூரி வேண்டும் என்று ஆன்லைனில் வரிசைப்படுத்திக் கொடுக்க அன்றோடு கெடு முடிகிறது. ஷப்ரீன் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்திலேயே இடம் கிடைக்கும் என்று பள்ளி ஆசிரியை சொல்லியிருந்தார். கடைக்கு வரும் விவசாயிகள் புகையான் பூச்சி அடித்துப் பயிர் கருகியதைப் பற்றிப் புலம்புவதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் அவள். அந்தப் பூச்சி எங்கிருந்து வருகிறது, ஏன் ஒரு வயலை விட்டு இன்னொரு வயலில் இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்கு.

நசுருதீன் படிப்புக்கு எதிரி இல்லை. மகளின் மார்க்கைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். ஆனால் வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு தனியார் வேளாண் கல்லூரி இருந்தது. அதன் பஸ் உத்திரமேரூர் வரைக்கும் வந்துபோகும். செலவு கூடுதல்தான். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"காலைல போயி சாயங்காலம் வூட்டுக்கு வந்துடலாம். அதே படிப்பு, அதே டிகிரி. இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போயி ஆஸ்டல்ல கெடக்கணும்?" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில், பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு அருகில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு இருவரும் போவது, அங்கே உட்கார்ந்து முடிவு செய்வது என்று ஏற்பாடாகியிருந்தது. ஷப்ரீன் சான்றிதழ்களைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

அப்போதுதான் நசுருதீனின் அக்கா செங்கல்பட்டிலிருந்து போன் செய்தாள். மூத்த மகள் ஹசீனா குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்திருப்பது தெரிந்து, குடும்பத்தோடு பார்க்கப் புறப்பட்டுவிட்டார்களாம். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்களாம்.

நசுருதீனின் மனைவி உம்முல் குல்சும் முழங்கால் வீங்கிக் கட்டிலில் படுத்திருந்தாள். ஹசீனாவின் இடுப்பில் காய்ச்சல் குழந்தை. நசுருதீன் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"ஷப்ரீன், நீ வூட்ல இருந்து சமையலப் பாரும்மா. அந்தப் பைய என்கிட்ட குடு. நானே போயி பக்கத்து காலேஜ மொதல்ல போட்டுட்டு வந்துடறேன்."

ஷப்ரீன் பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, அரிவாள்மணையை எடுத்துப்போட்டு வெங்காயம் அரிய உட்கார்ந்தாள். அந்தப் பணிவு நசுருதீனுக்குத் திருப்தியாக இருந்தது.

"பக்கத்துல படிச்சா இன்னா கொறஞ்சுடும்? ஹசீனாவயும் பக்கத்துலதான் சேத்தேன். அவளுக்குப் படிப்பு ஏறல, அது வேற விஷயம்" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஹசீனாவின் கை நின்றது.

"எனக்குப் படிப்பு ஏறலையா அத்தா?"

"அரியரா வெச்சுக்கினு இருந்தியேம்மா. நான் இன்னா இல்லாததையா சொல்லிட்டேன்?"

"ஏன் அரியர் வெச்சேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?" அவள் குரலை உயர்த்தவில்லை. "அம்மாவுக்கு முட்டி வலின்னா நான் லீவு. விருந்தாளி வந்தா நான் லீவு. தம்பி ஆசிக் பப்ளிக் பரீட்சை எழுதிக்கினு இருந்தான், அவனுக்கு நேரத்துக்குச் சோறு போடணும்னு ஒரு மாசம் நான் காலேஜ் பக்கமே போகல. அட்டெண்டன்ஸ் இல்லன்னு பரீட்சைக்கு உள்ளயே வுடல. அரியர் அப்டி வந்துச்சு."

"எல்லா வூட்லயும் பொண்ணுங்க கூடமாட வேலை செய்யறதுதானே?"

"சரி. ஆசிக் இப்ப திருச்சியில படிச்சுக்கினு கீறான். அத்தை வராங்க, வந்து கடையப் பாத்துக்கடான்னு அவனக் கூப்பிட்டீங்களா?"

"அவன எப்டிக் கூப்புடறது? அவன் தூரத்துல..."

நசுருதீன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அதான் அத்தா" என்றாள் ஹசீனா. "எனக்குக் காலேஜ் பக்கத்துலதான் இருந்துச்சு. அடுப்படி அதவிடப் பக்கத்துல இருந்துச்சு."

கட்டிலில் இருந்த உம்முல் குல்சும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஷப்ரீன் தலையை நிமிர்த்தவே இல்லை.

"காலங்காத்தால பேஜாரு" என்று முணுமுணுத்தபடி நசுருதீன் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

ஷட்டரைத் தூக்கினார். கயிற்றுச் சுருள்களை வெளியே மாட்டினார். மகள் எதிர்த்துப் பேசிவிட்டாள் என்ற கோபம் கொஞ்ச நேரம் இருந்தது. அது அடங்கியபோது வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. ஹசீனாவின் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் போன் செய்வார். அந்தப் போனை எடுத்தது அவர்தான். "வூட்ல கொஞ்சம் வேலைங்க மேடம், நாளைக்கு வந்துடுவா" என்று சொன்னதும் அவர்தான். ஒரு தடவை அல்ல. எத்தனை தடவை என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் கணக்குப் பிடிபடவில்லை. அந்த மேடம் பிறகு போன் செய்வதையே நிறுத்திவிட்டார். கல்யாணத்துக்கு வரன் வந்தபோது, 'இவளுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை' என்று அவர் சுலபமாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார். அந்த முடிவு அவருக்கு வசதியாகவும் இருந்தது.

பிரியாணிக் கடைக்குப் போன் போட்டு மத்தியானத்துக்குச் சாப்பாடு சொன்னார். ஷட்டரை மறுபடி இறக்கிவிட்டு வீட்டுக்குள் வந்தார்.

"ஷப்ரீன், கை கழுவிக்கினு கெளம்பு. சாப்பாடு கடையிலேர்ந்து வருது."

அவள் அக்காவைப் பார்த்தாள். ஹசீனா, போ என்று கண்ணைக் காட்டினாள்.

பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், முதலில் எதைப் போட என்று கேட்டார். ஷப்ரீன் அத்தாவைப் பார்த்தாள். "கோயம்புத்தூரு" என்றார் நசுருதீன்.  உறுதி செய்வதற்கான எண் அவருடைய போனுக்குத்தான் வந்தது. அதை அவரே வாசித்துக் கொடுத்தார்.

மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். பொட்டலம் பிரித்த பிரியாணியைப் பார்த்து அக்காவின் முகம் சுருங்கியது.

"வூட்ல ரெண்டு பொண்ணுங்க இருந்துக்கினு கடை சோறா நசுரு?"

"ஒருத்திக்குக் கொழந்த அழுவுது. ஒருத்திக்குப் படிப்பு வேலை இருந்துச்சுக்கா. சாப்புடு, ஆறிடப் போவுது" என்றார்.

அக்கா சாப்பிட்டாள். ஊருக்குத் திரும்பிப் போய் அதைப் பத்துப் பேரிடம் சொல்லவும் செய்தாள்.

அன்று சாயங்காலம், ஹசீனாவுக்கு விட்டுப்போன பரீட்சைகளை இப்போது எழுத முடியுமா என்று நசுருதீன் விசாரித்தார். எழுதுவதற்கான காலம் முடிந்துபோயிருந்தது. அவளிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவர் தயங்கியபோது, "எனக்குத் தெரியும் அத்தா. நான் போன வருசமே கேட்டுட்டேன்" என்றாள் அவள். 

ஷப்ரீனுக்குக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது, போய்ச் சேர்ந்தாள். வீடு உடனே திருந்திவிடவில்லை. மழைக்காலத்தில் உம்முல் குல்சுமுக்குக் காய்ச்சல் கண்டபோது நசுருதீனின் கை தானாகப் போனுக்குப் போனது. ஷப்ரீனின் பெயரை எடுத்தும்விட்டார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டார். சோறு குழைந்துபோயிற்று. இருவரும் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

அடுத்த கோடையில் திருமுக்கூடலிலிருந்து வேதகிரி என்ற விவசாயி களத்துக்குப் பாய் வாங்க வந்தார். அவர் மகளும் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

"பாய், உன் பொண்ண அவ்ளோ தூரம் அனுப்பினியே. நான் இன்னா பண்ணட்டும்? பக்கத்துலயே சேத்துடவா, தூரமா அனுப்பவா?"

நசுருதீன் பாயைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்.

"பக்கம் தூரம்லாம் அப்பறம் பாரு வேதகிரி. மொதல்ல உன்ன நீயே ஒண்ணு கேட்டுக்கோ. பொண்ணு கண்ணு முன்னாடி இருக்கறப்போ, காலேஜ் நாள்ல ஒரு வேலைக்கும் அவளக் கூப்புடாம உன்னால இருக்க முடியுமா? முடியும்னா பக்கத்துலயே சேத்துடு, ஒரு தப்பும் இல்ல. முடியாதுன்னா தூரமா அனுப்பிடு. படிக்க வெக்கறது பீஸு கட்டறதோட முடிஞ்சுடாது. அவ நேரத்த அவகிட்டயே வுடணும். நான் மொத பொண்ணுக்குப் பீஸு மட்டும்தான் கட்டினேன்."

 தன் மகள் இப்போது வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று வேதகிரி யோசித்தார்.