பதினாறுக்கு எட்டு அடிக் கருணை

பைனான்ஸ் குருசாமியின் அறையில் ஊதுபத்தி மணந்தது.

அண்ணன் விஜயராஜ் வாங்கிய கடனுக்குச் சுகுணா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவன் கட்டவில்லை. குருசாமி கோர்ட்டுக்குப் போய், பள்ளிக்கூட ஆபீஸில் அவள் வாங்கும் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு பங்கைப் பிடிக்க உத்தரவு வாங்கிவிட்டார். மகளின் ஹாஸ்டல் ஃபீஸ் நின்றுபோயிற்று. பேசி முடிக்கலாம் என்று வந்திருக்கிறாள். கடனை வாங்கிய அண்ணன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், மத்தியஸ்தம் பண்ணக் கூடவே வந்திருந்தான்.

"அண்ணாச்சிக்கு மனசு தங்கம்லா" என்றான். அதை முழுதாகக் கேட்பதற்காகக் குருசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

"வட்டிய விடுதேன் தாயி. அசல மட்டும் கட்டிரு. கடன் தீந்துட்டுன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துருதேன். பிடித்தம் நின்னுரும்."

"சரி அண்ணாச்சி. செயின வித்துத் தாரேன்."

"ஒரு சின்ன காரியம். வர்த்தகர் சங்கத் தேர்தல் வருது. மாயகிருஷ்ணன் எதுத்து நிக்கான். நீ மேடையேறி எனக்கு ஒரு பொன்னாடையப் போத்தி, நாலு வார்த்தை பேசணும். லேசா அழுதா நல்லாருக்கும்."

"அழணுமா?"

"கட்டாயமில்ல. வந்தா அழு."

கடம்பூர் போளி வந்தது. அண்ணன் இரண்டாவதை மடித்து வாய்க்குள் தள்ளியபடி, "அழுவா அண்ணாச்சி. எங்க குடும்பம் மானத்துக்குக் கட்டுப்பட்டது" என்றான்.

"அசலத் தாரேன். மேடைக்கு வரமாட்டேன்."

குருசாமியின் சிரிப்பு கடையைச் சாத்திக்கொண்டது. "அப்பம் வட்டியோட பிடித்தம் ஓடட்டும். பஸ் ஸ்டாண்டு முன்னால ஃபிளக்ஸ் கட்டியாச்சு. பாத்துட்டு நல்ல புத்தியோட வா."

போய்ப் பார்த்தாள். பதினாறுக்கு எட்டு அடி. கைகூப்பிய குருசாமி, தலைக்குப் பின்னால் கம்ப்யூட்டரில் போட்ட சூரியன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியுடன் விஜயராஜ். குருசாமியின் செருப்புக்கு அருகே, தபால்தலை அளவில் அவள். ஏதோ கல்யாணப் போட்டோவில் இருந்து வெட்டியதில், யாருடைய தோளோ அவள் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 'சகோதரி சுகுணாவின் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்த கருணைக் கடலே!' அடியில் பைனான்ஸின் பெயர், போன் நம்பர். வட்டி மட்டும் என்று அச்சடித்தால் கடல் குட்டையாகிவிடும் அல்லவா.

படம் எடுத்து வக்கீல் ராஜமணிக்கு அனுப்பினாள். அந்த அம்மாள் சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"கடன் தீந்ததுக்கு ஆதாரமா கோர்ட்டு இத அப்படியே ஏத்துக்கிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா கூண்டுல நின்னு, நான் போட்டது பொய்னு அவரு சொல்லணும்லா. தேர்தலுக்கு முன்னாடி சொல்லுவாராம்மா?"

சுகுணா குருசாமியைப் போனில் அழைத்து, கடன் முழுவதும் தள்ளுபடி என்று ஃபிளக்ஸில் இருப்பதைக் கேட்டாள்.

"அது சும்மா பெருமைக்குப் போட்டது தாயி."

"அதையே கோர்ட்டுல சொல்லுங்க அண்ணாச்சி. மாயகிருஷ்ணன் அண்ணாச்சியையும் கேக்க வரச் சொல்லுதேன்."

மறுமுனையில் குருசாமி யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னார்.

"இப்பம் உனக்கு என்னதான் வேணும் தாயி?"

"இதுவரைக்கும் சம்பளத்துல பிடிச்சத அசல்ல கழிச்சிருங்க. மிச்சத்தத் தாரேன். கோர்ட்டுல எழுதிக் குடுத்த பொறவு. மேடை கிடையாது."

"திங்கக்கிழமை வாரேன். ஃபிளக்ஸ இப்பமே அவுத்துருதேன்."

"திங்கக்கிழமை வரைக்கும் அங்கனயே இருக்கட்டும்."

இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தச் செருப்படியில் தன்னையே பார்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். சனிக்கிழமை யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு, கருணைக் கடலைத் தொடாமல், சரியாக அவள் முகத்தில் வழிந்திருந்தது.

திங்கட்கிழமை குருசாமி கையெழுத்துப் போட்டார். அவள் மீதியை எண்ணிக் கொடுத்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. அடுத்த மாதச் சம்பளம் முழுசாக வரும். கோர்ட்டு வாசலைத் தாண்டவில்லை, அண்ணனின் போன்.

"ஏட்டி சுகுணா, நான் ஆர்டர் குடுத்த ஃபிளக்ஸுக்குக் கடைக்காரன் பில்லு கேட்டு நெருக்குதான். அண்ணாச்சி தர மாட்டேங்காரு. நீ பயப்படாத, நான் பேசி தவணை வாங்கிட்டேன்."

"சரி. அதுக்கு எனக்கு எதுக்கு போன் பண்ணுத?"

"ஜாமீனுக்கு உன் பேரச் சொல்லிருக்கேன்."