மூன்றாவது பக்கெட்

"வாடகைக்குப் பாக்கற காலி ஊட்டுல கொழாத் தண்ணி மொதப் பக்கெட்டு நல்லாத்தான் கொதிக்கும். அதப் பாத்து ஏமாந்துராத," என்றான் காளிதாஸ், மனைவி சரிதாவிடம்.

"பின்ன எப்பிடிங்க பாக்கறது?"

"மூணு பக்கெட்டு புடிச்சுப் பாரு. எனக்கொண்ணு, உனக்கொண்ணு, அப்பனுக்கொண்ணு. மூணாவதும் சுட்டாத்தான் அட்வான்ஸ்."

"மாமா கடைசியாத்தான் குளிப்பாரு. தண்ணி ஆறிப்போயிருந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு."

"அதுக்குத்தான் புள்ள, மூணாவதப் பாக்கச் சொல்றன்."

அது போன மாசியில் பேசியது. நாமக்கல்லில் வீடு பிடித்து மூன்று பேரும் குடிபோவதாக இருந்தார்கள். ஆனால் போர்வெல் வண்டியோடு வடக்கே போன காளிதாஸின் உடலைத்தான் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

இப்போது மார்கழி. சரிதாவுக்கு நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்திருந்தது. மோகனூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து அவள் படும் பாட்டைப் பார்த்து, மாமனார் நாச்சிமுத்துதான் டவுனில் வீடு பார்க்கச் சொன்னார். வீடு பார்க்க அவரே கூடவும் வந்தார்.

காளிதாஸின் காரியத்தன்று அவளுடைய சித்தப்பா பேச்சோடு பேச்சாக மறுகல்யாணத்தை எடுத்தபோது, "சின்ன வயசு. அது இஷ்டம்," என்று மட்டும் நாச்சிமுத்து சொல்லியிருந்தார். அன்றிலிருந்து சரிதாவுக்கு ஒரு பயம். தன்னை அவர் அவிழ்த்து விடுகிறாரோ என்று. தினமும் காலையில் தென்னமட்டை வைத்து வெந்நீர் அடுப்பை எரிப்பவர், இன்றும் அண்டாவை மூன்று பேருக்கும் சேர்த்தே நிரப்புகிறார். மிஞ்சுவது சாயங்காலம் முருங்கைக்குப் போகும். அவரைத் தனியே விட்டுவர அவளுக்கு மனமில்லை. வாருங்கள் என்று கேட்டு அவர் மறுத்துவிட்டால், அந்த வீட்டில் தனக்கென்று எதுவும் மிஞ்சாது என்பதால் கேட்கவும் வாய் வரவில்லை.

"மேல சோலார் போட்டிருக்கறனுங்க. எப்பத் தொறந்தாலும் சுடுதண்ணிதானுங்க," என்றார் வீட்டுக்காரி கந்தம்மாள்.

சரிதா குழாயைத் திறந்தாள். ஆவி பறந்தது. நாச்சிமுத்து பக்கெட்டில் விரலை விட்டு வெடுக்கென்று எடுத்தார். "நல்லாச் சுடுதே. அட்வான்ஸ் குடுத்துறலாமா?"

அவள் அதைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். அதுவும் சுட்டது. மறுபடி கொட்டினாள்.

"ஏனுங்க, எத்தன பேரு இருக்கப் போறீங்க?" என்றார் கந்தம்மாள்.

"ஒரு ஆளுதாங்க. எம்மருமவ."

"ஒரு ஆளுக்கா இந்தத் தண்ணி? கல்யாண ஊடு மாதிரியல்ல கொட்டறீங்க." அவர் முணுமுணுத்தபடியே கீழே இறங்கிப் போனார்.

மூன்றாவது பக்கெட்டில் ஆவி இல்லை. நாச்சிமுத்து குனிந்து கையை விட்டார்.

"ஆறிப்போச்சு. இருந்துட்டுப் போவுது. உனக்கு ஒண்ணு போதுமே சாமி, மூணு எதுக்கு?"

"உங்க பையன் மூணு புடிச்சுப் பாக்கச் சொல்லியிருந்தாருங்க. மூணாவது உங்களுக்குன்னு."

தண்ணீருக்குள் விட்ட கையை அவர் எடுக்கவில்லை. முகத்தையும் நிமிர்த்தவில்லை. சரிதா குழாயை மூடிவிட்டு அவருக்கு எதிரே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப ரெண்டு சுட்டாப் போதுங்க மாமா. மொதப் பக்கெட்டுல நீங்க குளிச்சுக்குங்க," என்றாள். "எங்கூடவே வந்துருங்க."